உளநலம்: பெருமூச்சுக்குக் காது கொடுப்போம்

"நெஞ்சு அடைக்குது சுவாமி. படம் பிடிச்சுப் பார்த்தும் ஒரு வருத்தமும் இல்லையாம்." இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் இப்படிச் சொல்வோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். வைத்தியர் பொய் சொல்லவில்லை, வந்தவரும் நடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எமது மக்கள் மனத்துயரத்தைப் பெரும்பாலும் உடலால்தான் சொல்வார்கள்: தலையிடி, உடல் உளைவு, படபடப்பு, பெருமூச்சு. 2010இல் வன்னி மக்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் அவர் இன்னொன்றையும் வலியுறுத்தினார். 2009இல் முடிந்த போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது. ஆகவே குளிசை மட்டும் போதாது.

முதல் உதவி, கேட்பது. நாமும் ஒரு காலம் "மறந்துவிடுங்கள், கடவுளிடம் விடுங்கள்" என்று சொல்லி எழுந்து வந்தவர்கள்தான். மகனைத் தேடும் தாய்க்கு அது கதவைச் சாத்தியது போல இருந்திருக்கும். காணாமற்போனவருக்கு அந்தியேட்டி செய்யவோ, ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்கவோ மனம் வராது. அந்தத் துக்கம் முடிய இடமில்லை. அழுதால் அழட்டும். தோண்டிக் கேட்கவும் வேண்டாம், அவர் சொல்லுமளவு போதும்.

அடுத்தது மூச்சு. படபடப்புக்கும் நித்திரையின்மைக்கும் பேராசிரியர் கற்பித்த முறை மிக எளிது. அமைதியான இடத்தில் நிமிர்ந்து இருங்கள். வயிறு எழும்ப மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். விடும்போது உங்கள் சமயத்திற்குரிய ஒரு சிறு சொல்லை மனத்துக்குள் சொல்லுங்கள்: சைவர் 'ஓம்' எனலாம், கிறிஸ்தவர் 'இயேசுவே', முஸ்லிம்கள் 'சுப்ஹானல்லாஹ்'. அவரவர் சொல்லே அவரவருக்கு. எங்கள் செபத்தை அயலவர்மேல் ஏற்றுவது உதவியல்ல. காலையும் மாலையும் பத்து நிமிடம் செய்யுங்கள். இரண்டு நாளில் பலன் தேடாதீர்கள்.

சாராயம் நித்திரையைத் தருவதுபோலத் தந்து பாதி இரவில் பறித்துவிடும். இதைப் பல அம்மாமார் எம்மைவிட நன்றாக அறிவர்.

ஒருவர் சாப்பிடாமல் ஒதுங்கியிருந்தால், "இருந்து என்ன பயன்" என்று பேசினால், பிந்த வேண்டாம். வீட்டிலுள்ள கிருமிநாசினியை அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

ஊர் சேர்ந்து செய்யும் வேலையும் மருந்துதான். எமக்குத் தெரிந்த ஒரு தகப்பன் இரண்டு காலபோகம் வயலுக்கு இறங்கவேயில்லை. வரம்பு கட்ட வாவென்று அயலவர் கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாம் முறை மண்வெட்டியோடு அவர் வாசலுக்கே போய் நின்றார்கள். அன்று அவர் வரம்பில் சும்மா குந்தியிருந்தார். அடுத்த கிழமை கால் ஏக்கரில் கச்சான் போட்டார்.