ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு நேரம்?

அன்புள்ள தம்பிக்கு,

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் ஒன்பது மணி நேரம்கூட வராதே, அட்டவணையில் ஏன் 13 மணி நேரம் என்று கேட்டிருந்தாய். உன் கணக்கில் பிழை இல்லை. 2022 தொடக்கம் வரை ஃபின்ஏர் விமானங்கள் ஒன்பதரை மணி நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தன.

அந்த 7,800 எப்படி வந்தது என்று முதலில் பார். சுவர் வரைபடத்தில் இரு ஊர்களையும் கோடு போட்டு இணைத்தால் அது கஜகஸ்தான், மங்கோலியா பக்கமாகப் போகும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார். நூல் வடக்கே வளைந்து சைபீரியாவின் மேல் கிடக்கும். அந்த நூலின் நீளம்தான் நீ படித்த தூரம். ஆனால் ஒரு நாட்டின் வானில் நுழைய அந்த நாடு அனுமதிக்க வேண்டும். உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்று சொல்லியே தொழிலை வளர்த்திருந்த ஃபின்ஏருக்கு அது பேரிடி.

இப்போது இரண்டு வழிகள்தான்: தெற்கே மத்திய ஆசியா வழியாகச் சுற்றிப் போவது, அல்லது வட துருவத்தைத் தாண்டுவது. டோக்கியோவிலிருந்து திரும்பும் விமானம் துருவ வழியைப் பிடித்தால், மேற்கே இருக்கும் ஊருக்குப் போக வடகிழக்கே பெரிங் நீரிணை நோக்கிக் கிளம்பும்! இதுவும் புதிதல்ல. சோவியத் வான் கிடைக்காத 1983-லேயே ஃபின்ஏரின் டிசி-10 விமானம் துருவத்தைச் சுற்றி டோக்கியோவுக்கு நிற்காமல் பறந்தது. அப்போதும் சுமார் 13 மணி நேரம். மற்ற ஐரோப்பிய விமானங்கள் பல அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போன காலம் அது.

எந்த வழி என்பதைத் தீர்மானிப்பதில் காற்றுக்கும் பங்கு உண்டு. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் ஜப்பானின் மேல் அதன் வேகம் அசாத்தியம். அதை 1920-களில் பலூன் விட்டு அளந்தவர் ஓயிஷி வசாபுரோ. உலகமே படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார்; படித்தவர்கள்தான் மிகக் குறைவு. விமானம் கிழக்கே போகும்போது அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும், மேற்கே வரும்போது எதிர்த்து நிற்கும். அதனால்தான் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

இன்னொன்று. சீட்டில் அச்சிட்ட மணிகள் அந்தந்த ஊர் மணிகள். குளிர்காலத்தில் டோக்கியோ ஏழு மணி நேரம் முன்னே ஓடுகிறது. மாலை 6 மணிக்கு ஹெல்சிங்கியில் ஏறி 13 மணி நேரம் பறந்தால், இறங்கும்போது அங்கே மறுநாள் பிற்பகல் 2. புறப்பாட்டையும் வருகையையும் நேராகக் கழித்தால் 20 மணி நேரம் என்று வரும், ஏழைக் கழித்துவிடு.

சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான் மூடப்படவில்லை. அதனால் ஐரோப்பாவிலிருந்து பெய்ஜிங்குக்கு அவர்களுடைய விமானங்கள் இன்றும் சைபீரியா மேலேயே பறக்கின்றன. அந்த அட்டவணைகளையும் எடுத்து வகுத்துப் பார்.

அன்புடன்,
அண்ணன்