வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்



தோட்டத்து வண்டி ஓட்டுகிற தோழர்களும், சொந்தமாகப் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கி ஓய்வு நேரத்தில் செம்பனைக் குலை ஏற்றுகிற தோழர்களும் இந்த மாதப் பாடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். "சுகாதாரப் பகுதியில் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். எண்ணெய் வண்டிக்குத்தான். ஆனால் அதை மாற்றுகிறவருடைய கை, கண், நெஞ்சு, தோல் எல்லாம் நம் பகுதியைச் சேர்ந்தவை அல்லவா?

ஒர்க்ஷாப்புக்குப் போனால் கூலி கொடுக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, "அட, ஒரு மணி நேர வேலைதானே அண்ணே!" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறோம். வேலை தெரிந்தவர்கள்தான். தெரிந்த வேலை என்ற தைரியத்தில்தான் அடியும் படுகிறது.

முதலில் எதற்கு மாற்றுகிறோம் என்று பார்ப்போம். பாரம் ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் மெதுவாக ஏறும்போது, ஆட்டோ கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய் மிகவும் சூடாகிறது. சூடு ஏற ஏற அது கெட்டுப்போகிறது. உள்ளே தேய்கிற தகடுகளின் தூள் அதில் கலந்து பில்டரில் போய் அடைகிறது. சிவப்பாக இருந்த எண்ணெய் பழுப்பாகித் தீய்ந்த வாடை அடிக்கும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தரம் மாற்றவேண்டும், எந்த வகை எண்ணெய் ஊற்றவேண்டும் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். "சிவப்பு எண்ணெய் எல்லாம் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். பிக்கப் உயரமான வண்டி. பலவற்றில் ஜாக்கி போடாமலேயே ஓர் ஆள் மல்லாந்து படுத்து உள்ளே போகலாம். போக முடியுமென்றால் தூக்காதீர்கள். தரையில் நிற்கிற நான்கு சக்கரத்தைவிட நல்ல தாங்கல் வேறு கிடையாது. சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, கியரை 'பி'யில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. இதை ஆயிரம் தரம் சொன்னாலும் தகும். ஜாக்கிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் ஒன்று கிழிந்தால் போதும், வண்டி கீழே வந்துவிடும். ஏறக்குறைய இரண்டு டன் பாரம் நெஞ்சில் இறங்கினால் எலும்பு முறியாவிட்டாலும் மூச்சை இழுக்க முடியாது. கூப்பிடக் குரலும் வராது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துபோகும். ஆகவே இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, வெளியில் நின்றபடி தள்ளிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். செங்கல், ஓட்டைக் கல் இவற்றை அடுக்காதீர்கள். பாரம் ஏறியதும் பொடிந்துவிடும். மழை பெய்த மண்தரையில் ஸ்டாண்டே கூட ஒரு பக்கம் புதைந்து சாயும். பக்கத்தில் பெரிய ஆள் ஒருவர் இருப்பது நல்லது. சின்னப் பிள்ளைகள் அங்கே வரக்கூடாது.

அடுத்தது சூடு. வெதுவெதுப்பாக இருந்தால் எண்ணெய் நன்றாக வடியும் என்பது உண்மைதான். ஆனால் ஓடி வந்த வண்டியில் அது 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும். 60 டிகிரி வெந்நீரே ஐந்தாறு விநாடியில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். எண்ணெயோ தோலோடு ஒட்டிக்கொண்டு வழியாமல் நிற்கும். ஓட்டி வந்தால், தட்டின்மேல் கைவைத்து எடுக்காமல் இருக்கிற அளவுக்கு ஆறும்வரை பொறுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் போதாது. அதற்கும் கூடுதலாகவே ஆகும். பக்கத்தில் போகும் புகைக்குழாய் அதைவிடச் சூடு. அதைத் தொட்டுப் பார்க்கவேண்டாம்.

வடிநட்டைக் கழற்றி எண்ணெய் இறங்கிய பிறகும் தட்டில் மிச்சம் இருக்கும். போல்ட்டுகளை ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால் அத்தனையும் முகத்தில்தான். ஒரு மூலையில் மட்டும் முதலில் தளர்த்துங்கள். தட்டு அந்தப் பக்கம் சாய்ந்து, எண்ணெய் பேசினில் விழும். பில்டரை இழுக்கும்போதும் ஒரு கோப்பை அளவுக்கு ஊற்றும். மல்லாந்து கிடப்பவர் கண்ணுக்கு நேரே இது நடப்பதால் கண்ணாடி போடாமல் படுக்காதீர்கள். காய்ந்த சேறும் துருவும் கூட கண்ணில்தான் விழும். விழுந்தால் கசக்காமல், கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, கிளினிக்குக்குப் போங்கள்.

எண்ணெய் கொட்டிச் சுட்டுவிட்டால்? எண்ணெயில் ஊறிய துணியையும் மோதிரத்தையும் உடனே கழற்றி, தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்காமல் விட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். கீச்சாப்பு, பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவக்கூடாது. நம் வீடுகளில் கீச்சாப்பு பாட்டிலைத்தான் முதலில் தேடுகிறார்கள்!

தட்டுக்குள் சின்னக் காந்தங்கள் இருக்கும். அவற்றில் சாம்பல் நிறத்தில் மசிந்த இரும்புத் தூள் படிந்திருப்பது வழக்கந்தான். சிலாம்பு சிலாம்பாக இரும்பு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம். வெறும் விரலால் வழித்துப் பார்க்காதீர்கள். சிலாம்பு ஏறிய விரல் சீழ் பிடிக்கும்.

இப்போது கந்தைத் துணியைப் பற்றிச் சொல்லவேண்டும். இதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. கையைத் துடைத்த துணியை நாம் எங்கே வைக்கிறோம்? காற்சட்டைப் பையில். அந்த எண்ணெய் பையைத் தாண்டித் தொடையிலும், அதற்கு அருகில் உள்ள மெல்லிய தோலிலும் நாள் முழுவதும் ஊறிக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷியர் பஞ்சாலைகளில் நூல் நூற்ற ஆண்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. இயந்திரத்தின்மேல் குனிந்து குனிந்து வேலை செய்ததில், அதன் எண்ணெய் இடுப்புக்குக் கீழே துணியில் ஊறியதுதான் காரணம். மான்செஸ்டர் மருத்துவர்கள் இதை 1922இல் எழுதினார்கள். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயைத்தான் போடவேண்டும் என்ற சட்டம் 1953இல்தான் வந்தது. முப்பது வருஷம்! அதற்குள் எத்தனை தொழிலாளிகள் போயிருப்பார்கள்.

இன்றைய கியர்பாக்ஸ் எண்ணெய் அந்தக் காலத்து எண்ணெய் போன்றதல்ல, நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டது. பயந்துகொண்டு வண்டியை விற்கவேண்டாம். ஆனால் அதே துணியால்தானே எஞ்சினிலிருந்து வடித்த மிஞ்ஞாக் ஹீத்தாமையும் துடைக்கிறோம்? எரிந்த டீசலின் கரியும் நஞ்சும் அதில் சேர்ந்திருக்கின்றன. பல வருஷம் தோலில் ஊறினால் அது நல்லதல்ல. புற்றுநோய் வரைக்கும் போகாவிட்டாலும், முன்கையிலும் தொடையிலும் மயிர்க்கால்கள் அடைத்துக் கறுப்புப் புள்ளியும் கொப்புளமும் வருவதும், விரலிடுக்கு வெடித்து அரிப்பதும் ஒர்க்ஷாப்பில் நிற்பவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். "சூட்டுக் கொப்புளம்" என்று பவுடர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

செய்யவேண்டியது கஷ்டமானதல்ல. நைட்ரைல் கையுறை போடுங்கள். கிழிந்தால் மாற்றுங்கள், கிழிந்த கையுறைக்குள் புகுந்த எண்ணெய் வெறுங்கையைவிட மோசம். கந்தையைப் பையில் வைக்காதீர்கள். பெட்ரோலிலும் டீசலிலும் கை கழுவுவதை விட்டுவிடுங்கள். அது அழுக்கோடு தோலின் இயற்கையான பிசுக்கையும் எடுத்துவிடும். பிறகு எது பட்டாலும் புண்ணாகும். கொஞ்சம் சமையல் எண்ணெயைத் தேய்த்து, துணியால் வழித்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆண்களுக்கு இன்னொன்று: சிறுநீர் கழித்த பிறகு மட்டுமல்ல, போவதற்கு முன்னாலும் கையைக் கழுவுங்கள். வேலைத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். ஆறாத புண், வளர்கிற மரு எங்கே இருந்தாலும், வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மறைவான இடத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம் காட்டவேண்டும்.

புது எண்ணெய் ஊற்றும்போது ஒரு விஷயம். தட்டைக் கழற்றி வடித்தால், பல வண்டிகளில் பாதி எண்ணெய்கூட வெளியே வராது. மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே எவ்வளவு வந்ததோ அதை அளந்து அவ்வளவே ஊற்றி, பிறகு எஞ்சினை ஓடவிட்டு அளவு பார்க்கவேண்டும். மூடிய கொட்டகையில் ஓடவிடாதீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012இல் அறிவித்துவிட்டது. அளவு பார்க்கும் குச்சி இருக்கிற வண்டியென்றால் மேலே நின்றே பார்க்கலாம். புதிய வண்டிகள் பலவற்றில் அந்தக் குச்சியே கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சொன்ன சூட்டில், அடியிலுள்ள நட்டைத் திறந்து பார்க்கவேண்டும். அப்படிப்பட்ட வண்டியை லிப்ட் உள்ள ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். ஓடுகிற வண்டிக்கு அடியில் படுத்து மிச்சம் பிடிக்கிற பணம் நமக்கு வேண்டாம்.

தோட்டத்து வண்டி என்றால் நிலைமை வேறு. ஸ்டாண்டும் கையுறையும் கண்ணாடியும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. "ஜாக்கியிலேயே செய்யப்பா, அவசரம்" என்று சொன்னால் மறுக்கலாம். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. அடிபட்டால் சின்னக் காயம் என்று விடாமல் அன்றைக்கே ஆபீசில் எழுதவையுங்கள். 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும்.

கடைசியாக, வடித்த எண்ணெய். அதைக் கால்வாயிலும் மரத்தடியிலும் ஊற்றக்கூடாது. பழைய எண்ணெய் சட்டப்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. தோட்டத்து எண்ணெய் ஸ்டோரில் அதற்கென வைத்த பீப்பாய்க்குப் போகவேண்டும். சொந்த வண்டியென்றால், பழைய எண்ணெய் சேர்க்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். கொண்டுபோகும் வரை எதில் வைக்கிறீர்கள்? பெரும்பாலும் காலி மினரல் வாட்டர் பாட்டிலில். மிச்சமான புது எண்ணெயும் அப்படித்தான். அது என்ன நிறம்? சிவப்பு. பார்த்தால் ரோஸ் சிராப் மாதிரியே இருக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வருகிற நாலு வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியுமா? வாங்கிய டின்னிலேயே வைத்து, மூடி இறுக்கி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். வாயைத் துடைத்துவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன எண்ணெய் என்று தெரிந்தால், டாக்டர் பினாங்கிலுள்ள தேசிய நச்சு மையத்தைக் கேட்டுத் தக்க சிகிச்சை செய்ய வசதியாக இருக்கும்.