கையடக்கப் பிராணவாயுக் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

2021-ஆம் ஆண்டுக் கொரோனாப் பெருந்தொற்றின்போது ஆக்சிஜன் செறிவூட்டி என்னும் கருவியின் பெயர் சிற்றூர்களிலும் பரவிற்று. நாட்பட்ட நுரையீரல் நோயுற்றோர் வெளியே சென்றுவர, இதில் சுமந்து செல்லத்தக்க சிறிய வகையும் உண்டு. கடன்பட்டு அதனை வாங்குமுன் நாம் அறியவேண்டியவை சில உள.

காற்றில் 100-க்கு 21 பங்கே பிராணவாயு; 78 பங்கு நைட்ரஜன். கருவியிலுள்ள சியோலைட் என்னும் பொருள் நைட்ரஜனைப் பற்றிக்கொள்ள, 100-க்கு ஏறத்தாழ 90 பங்கு செறிவுள்ள பிராணவாயு கிடைக்கிறது.

வீட்டில் வைக்கும் பெரிய கருவி, பொதுவாக நிமிடத்திற்கு 5 லிட்டர் வரை இடைவிடாது தரும். சிறிய கருவிகளிற் பெரும்பாலானவை மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டுமே தரும். அவற்றின்மீதுள்ள 2, 3 என்னும் எண்கள் லிட்டர்க் கணக்கல்ல. இதனை அறியாது வாங்கினால் பணமும் வீணாகும். நோயாளிக்கு வேண்டிய பிராணவாயுவும் கிட்டாது. உறக்கத்தில் மூச்சு மெலிந்தால் சில கருவிகள் அதனை உணரமாட்டா. எனவே, மருத்துவரைக் கேளாமல் இரவில் இதனை நம்பலாகாது.

மருத்துவர் குறித்த அளவைக் கேட்டறிந்து, நோயாளியைக் கருவியுடன் நடக்கச் செய்து, விரலில் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். வயல்வரை நடப்பவர்க்கு எடைக் குறைவு முதன்மை. நெடுந்தூரம் பஸ்ஸிற் செல்பவர்க்குப் பாட்டரி நீடிப்பு முதன்மை. மின்தடை நேரும் ஊர்களில் நிறைத்த சிலிண்டர் ஒன்று கைவசம் இருத்தல் நன்று. எரியும் அடுப்பும் பீடியும் கருவியின் அருகே அறவே கூடா.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவற்றைத் தம் ஊராருக்கு எடுத்துரைத்தல் சிறந்த தொண்டாகும்.