தக்க நேரத்து உதவி

உரைநடைப் பகுதி

நுழையும்முன்

வேலைக்குச் சென்றால்தான் பணம் கிடைக்கும்; ஆனால், வேலைக்குச் செல்வதற்கும் பணம் வேண்டும். எதிர்பாராத ஒரு செலவு, பெற்றோரின் வேலையையே பறித்துவிடக்கூடும். அவ்வேளையில் ஒரேயொரு முறை கிடைக்கும் உதவி குடும்பத்தை எவ்வாறு காக்கிறது என்பதைக் கோலார் தங்கவயல் மக்களின் வாழ்க்கை வழியே அறிவோம்.

சுரங்கமும் தொடர்வண்டியும்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் அங்குக் குடியேறினர். பின்னாளில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. உழைப்பு கடியது, இடர் மிக்கது. எனினும், லைன் வீடும் மருத்துவமனையும் பணியிடத்திற்கு அருகிலேயே இருந்தன.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் வேலை பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது; வீடு மட்டும் தங்கவயலிலேயே நின்றது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் வண்டி ஏறி, பங்காருப்பேட்டை வழியாக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். ஒருவழிப் பயணமே நெடுந்தொலைவு.

சிறு செலவு, பெரும் இழப்பு

பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவருடைய மகன் கீழே விழுந்து கை முறிந்துவிடுகிறது. மருத்துவத்திற்கு ரூ.5,000 செலவாகிறது, கையிருப்பு தீர்கிறது. சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கப் பணமில்லை. மகனைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. மூன்று நாள் விடுப்பு பத்து நாளாக நீள்கிறது. அவருடைய தையல் இயந்திரத்தின் முன் வேறொருவர் அமர்த்தப்படுகிறார்.

அவர் வட்டிக்குக் கடன் வாங்கலாம். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி என்றால், ரூ.5,000க்கு மாதம் ரூ.500 ஆகும். பத்து மாதங்களில் வட்டியே ரூ.5,000 ஆகிவிடும்; அசலோ அப்படியே நிற்கும்.

அதே தொகை திருப்பித் தர வேண்டாத உதவியாக உடனே கிடைத்தால், அவர் மகனைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தி, நான்காம் நாளே வேலைக்குத் திரும்புவார். ஒருமுறை கிடைத்த உதவி மாதந்தோறும் வரும் ஊதியத்தைக் காத்துவிடுகிறது.

உதவி வரும் வழிகள்

முதல் வழி, தொழிலாளரின் சொந்தச் சேமிப்பு. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட வருங்கால வைப்பு நிதிக்காக ஊதியத்திலிருந்து பணம் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் தம் பங்கைச் செலுத்துகிறார். நோய் முதலிய தேவைகளுக்கு இதிலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டாத முன்பணம் பெறலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் தொடர்வண்டிகள் நின்றபோது சிறப்பு முன்பணம் அறிவிக்கப்பட்டது. மூன்று மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும், அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றுள் குறைவானதை உறுப்பினர் எடுத்துக்கொள்ள அப்போது இடமிருந்தது.

இரண்டாம் வழி, அரசின் உதவி. 2020 மே மாதத்தில் கர்நாடக அரசு, ஆட்டோ மற்றும் டாக்சி ஓட்டுநர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் ஆகியோருக்கு ஒருமுறை உதவியாக ரூ.5,000 அறிவித்தது.

வீட்டுவேலை செய்வோர், நாள்கூலி பெறுவோர் பலருக்கு வைப்பு நிதிக் கணக்கு இல்லை. அவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழுவும் உடன் பணிபுரிவோரும் அண்டை வீட்டாருமே துணை.

எவ்வழியில் வந்தாலும் உதவி விரைந்து வர வேண்டும். வேலை போனபின் வரும் பணம் அரிசி வாங்க உதவும்; போன வேலையை மீட்டுத் தராது. காலமறிந்து செய்யும் உதவியின் பெருமையை வள்ளுவரும் ‘செய்ந்நன்றி அறிதல்’ அதிகாரத்தில் போற்றுகிறார்.

பெறுவோர் நாணவும் வேண்டியதில்லை. வைப்பு நிதி அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம். அரசு தருவது மக்கள் செலுத்திய வரிப்பணம். பெற்றோர் பலருக்குக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள விண்ணப்பங்களே பெரும் தடை. அம்மொழிகளைப் பள்ளியில் கற்கும் பிள்ளைகள் அவற்றைப் படித்துத் தமிழில் விளக்கினால், அதுவும் தக்க நேரத்து உதவியே.

சொற்பொருள்

இடர் – துன்பம்
அசல் – கடனாகப் பெற்ற முதல்
அகவிலைப்படி – விலையேற்றத்தை ஈடுசெய்ய ஊதியத்துடன் தரும் தொகை
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட ஆண்டு ________.
2. ரூ.5,000க்குப் பத்து வட்டி என்றால் மாத வட்டி ரூ.________.

ஆ. பிரித்து எழுதுக.
1. கையிருப்பு 2. வரிப்பணம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயல் மக்களின் வேலைவாழ்வு எவ்வாறு மாறியது?
2. உதவி விரைந்து வர வேண்டும் என்பது ஏன்?

ஈ. சிந்தித்து எழுதுக.
கடனுக்கும் ஒருமுறை உதவிக்கும் உள்ள வேறுபாட்டைத் தையல் வேலை செய்யும் தாயின் நிலையைக் கொண்டு விளக்குக.

உ. செயல்பாடு
அவசரத் தேவைக்காக எந்தெந்த ஆவணங்களை வீட்டில் ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும் எனப் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் பட்டியல் எழுதுக. எண்களை எழுத வேண்டா.