அன்னதானமும் விவசாயக் கல்வியும்

தானங்களுள் அன்னதானம் சிறந்தது என்பது சைவ மக்கள் தொன்றுதொட்டுப் போற்றிவரும் கொள்கையாகும். திருவிழாக் காலத்தில் கோயில் வாசலில் பந்தி வைத்து, வந்தோர் அனைவருக்கும் உணவளிப்பதை அடியார்கள் பெரும் பேறாகக் கருதுகின்றனர். பசித்தவருக்கு ஒருவேளைச் சோறு கொடுப்பது அறம் என்றால், அச்சோற்றை விளைவிக்கும் வழியைக் கற்கும் பிள்ளைக்கு, கற்று முடியும்வரை உணவும் செலவும் கொடுத்து உதவுவதும் அதே அறத்தின் தொடர்ச்சியே ஆகும். திருவள்ளுவர் ஈகைக்கு 23ஆம் அதிகாரத்தையும், உழவுக்கு 104ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடும்போது பிறப்பதே விவசாயக் கல்விக்கான தானம்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டத்து மக்கள் பல தலைமுறைகளாக மண்ணோடு வாழ்ந்து வருபவர்கள். கொழுந்து பறிப்பதிலும் இறப்பர் மரத்தில் பால் வெட்டுவதிலும் அவர்களின் கை தேர்ந்தது. ஆயினும் அத்தொழில் அறிவு எந்தச் சான்றிதழிலும் எழுதப்படவில்லை. விடியுமுன் பால் வெட்ட வேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறுமுன் பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடிகிறது என்ற காரணத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சிலரே. கைப்பழக்கத்தோடு காரண அறிவும் சேர்ந்தால் கூலியாள் விவசாயி ஆகிறான். அது சேராதபோது தோட்டத்துப் பிள்ளை கொழும்புக் கடைக்கோ, பிறர் வீட்டு வேலைக்கோ சென்று விடுகிறது.

கோயில் வளர்த்த கல்வி

கல்விக்குக் கோயில் பொருள் கொடுப்பது புதிய வழக்கமன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில், கோயிலைச் சார்ந்து பெரிய கல்லூரி ஒன்று நடந்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இளைய மாணவர் 270 பேரும் மூத்த மாணவர் 70 பேரும், ஆக 340 பேர் அங்கே பயின்றனர். ஆசிரியர் 14 பேர். இக்கல்லூரியின் செலவுக்காக 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. மாணவர்களுக்கு நாள்தோறும் நெல் அளந்து கொடுக்கப்பட்டது.

அங்கே கற்பிக்கப்பட்டவை வேதமும் இலக்கணமும் போன்றவை, விவசாயம் அன்று. எனினும் அக்கல்வெட்டிலிருந்து அறிய வேண்டியவை இரண்டு உள்ளன. ஒன்று, கற்பிப்பவருக்கு ஊதியம் கொடுத்ததோடு நில்லாமல் கற்பவரின் வயிற்றையும் கோயில் பொறுப்பேற்றது. மற்றொன்று, கொடை ஒரு நாளில் செலவாகும் பணமாக இல்லாமல், ஆண்டுதோறும் விளைச்சல் தரும் நிலமாக இருந்தது.

தோட்டத்து மக்களும் காந்தியமும்

தோட்டத் தொழிலாளர் பிற நிலத்தில் விவசாயம் செய்யப் பழகுவாரா என ஐயுறுவோர் உண்டு. அதற்கு இலங்கை வரலாற்றிலேயே விடை உள்ளது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாப் பகுதிக்கு இடம்பெயர்ந்தன. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தியம் என்னும் தொண்டு அமைப்பு அக்குடும்பங்களைக் குடியமர்த்த உதவியது. மாதிரிப் பண்ணைகளும் பாலர் பாடசாலைகளும் அமைக்கப்பட்டன. மழை மிகுந்த மலைநாட்டில் தேயிலையோடு வாழ்ந்தவர்கள், வறண்ட மண்ணில் பயிரிடப் பழகிக் கொண்டனர்.

1983 ஏப்ரலில் அவ்விருவரும் கைது செய்யப்பட்டனர். அதே ஆண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் மருத்துவர் இராஜசுந்தரம் உயிரிழந்தார். பணி குலைந்தது. ஆனால் அச்சில ஆண்டுகள் ஓர் உண்மையை நிலைநாட்டின. தோட்டத்து மனிதருக்கு நிலமும், கற்றுக்கொள்ளும் காலத்தில் ஆதரவும் கிடைத்தால் அவர் விவசாயியாக நிற்பார் என்பதே அது.

பரிசுப் பணம் பயிற்சியான கதை

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த விவசாய விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன், 1987ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றார். அப்பரிசுப் பணத்தைக் கொண்டு 1988இல் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 2023இல் அவர் மறைந்த பின்னரும் அந்நிறுவனம் பணியாற்றி வருகிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அந்நிறுவனம் செய்த பணி மலைவாழ் மக்கள் அறிய வேண்டியதாகும். அங்குள்ள மக்கள் சாமை, தினை, வரகு முதலிய சிறுதானியங்களைப் பயிரிட்டு உண்டு வந்தனர். பின்னர் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பெருகவே சிறுதானியம் குறைந்தது. தானியத்தை உரலில் இட்டுக் குத்தும் கடும் உழைப்பும் பெண்களுக்குப் பெருஞ் சுமையாக இருந்தது. நிறுவனத்தார் அரைவை இயந்திரங்களைக் கொடுத்து அச்சுமையைக் குறைத்தனர். சுயஉதவிக் குழுக்களுக்கு விதை தெரிதல், மாவு வகை செய்தல், விற்பனை ஆகியவற்றில் பயிற்சி அளித்தனர். கற்பவரின் கையை முதலில் ஓய்வாக்கி, அதன் பின்னரே கற்பித்தமை இங்கே கவனிக்கத்தக்கது. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவருக்கு வகுப்பு மட்டும் வைத்துப் பயனில்லை.

அரநாயக்க மண்ணுக்கு ஏற்ற பாடம்

அரநாயக்க மலைச்சரிவுப் பிரதேசம். 2016 மே 17ஆம் நாள் கடும் மழையின்போது சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களைப் புதைத்ததை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். அத்தகைய பெருஞ்சரிவை எந்த விவசாய முறையும் தடுத்துவிடாது. நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகிய அறிகுறிகள் தோன்றினாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை கிடைத்தாலும் உடனே இடத்தை விட்டு அகலுவதே முறை. ஆனால் ஒவ்வொரு மழையிலும் மேல்மண் சிறிது சிறிதாக அரித்துச் செல்லப்படுவதைக் கற்றறிந்த விவசாயி குறைக்க முடியும்.

அதற்கான கருவியை எவரும் செய்யலாம். ஒரே நீளமுள்ள இரு தடிகளின் நுனிகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகற்றி, இடையே குறுக்குத் தடி ஒன்றைப் பொருத்த வேண்டும். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். கயிறு குறுக்குத் தடியின் நடுக் குறியில் நின்றால் இரு கால்களும் சம மட்டத்தில் உள்ளன என்பது பொருள். இவ்வாறு அடி அடியாக நகர்ந்து குச்சி நட்டால் சரிவின் குறுக்கே சமமட்டக் கோடு கிடைக்கும். அக்கோட்டில் கிளிரிசீடியாவை நெருக்கமாக நட்டால் ஓடும் நீரின் வேகம் தணிந்து மண் தங்கும். வெட்டிய இலை பசளையாகும். தனியே நட்ட கிளிரிசீடியா மரத்தில் மிளகுக் கொடியையும் படரவிடலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. சொல்லிக் கொடுப்பவர் வேண்டும்.

அண்மைக் காலத்தில் தனிவீடு பெற்ற தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணி வழங்கப்பட்டது. அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடும் வழியும் போக எஞ்சும் சிறு நிலத்தில் மிளகும், கீரையும், மரக்கறியும் வளர்ப்பதற்குத் தேர்ந்த அறிவு தேவை. சிறிய நிலத்துக்கே பெரிய கல்வி வேண்டும்.

கோயில் செய்யக்கூடியது

விவசாயத் திணைக்களம் 1912இலிருந்தும், ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் 1972இலிருந்தும் இயங்குகின்றன. இரத்தினபுரி மாவட்டத்தில் கரப்பிஞ்சவிலும், வடக்கே வவுனியாவிலும் விவசாயக் கல்லூரிகள் உள்ளன. விவசாயப் போதனாசிரியரை அணுகினால் குறுகிய காலப் பயிற்சிகள் பற்றியும் அறியலாம். ஆயினும் தோட்டத்துப் பிள்ளையைத் தடுப்பது பெரும்பாலும் கல்லூரிக் கட்டணம் அன்று. பஸ் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, அத்தனை மாதமும் வீட்டுக்கு வராமற்போகும் சம்பளம் ஆகியவையே தடை. எண்ணாயிரம் கோயில் அளந்த நெல் இத்தடையைத்தான் நீக்கியது.

தோட்டக் கோயில்கள் எழுந்ததே தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்த சந்தாவினால்தான். அதே வழியில் திருவிழா வருவாயில் ஒரு பகுதியை நிலையான வைப்பாக வங்கியில் இட்டு, வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஓர் ஆண் பிள்ளைக்கும் ஒரு பெண் பிள்ளைக்கும் பயிற்சிக் காலச் செலவைக் கொடுக்கலாம். பயிற்சி முடித்தவர் ஊருக்கு வந்து பத்துக் குடும்பங்களுக்காவது கற்றதைக் காட்ட வேண்டும் என்பதை நிபந்தனையாக வைக்கலாம். வரவு செலவு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். கோயில் வளவில் வில்வத்தோடும் துளசியோடும் மிளகு நாற்றுமேடை ஒன்றை அமைத்தால், வணங்க வருவோர் கற்றுக்கொண்டும் செல்வர்.

நாற்றை மட்டும் பகிர்ந்தளித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு தானம் முடிந்துவிடுவதில்லை. கவனிக்கத் தெரியாத கையில் நாற்று ஒரு பருவத்தில் வாடிவிடும். கற்ற கையில் அதுவே மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். அன்னதானப் பந்தியில் உண்டவர் மறுநாளும் பசிப்பார். விளைவிக்கக் கற்றவர் அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்குத் தம் தோட்டத்து மரக்கறியைக் கொண்டு வந்து அப்பந்திக்கே கொடுப்பார். அம்பாள் அருளால் அத்தகைய பிள்ளைகள் அரநாயக்கவின் ஒவ்வொரு தோட்டத்திலும் பெருகுவார்களாக.