விமானியின் கடமை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் வாசுதேவநல்லூர். அவ்வூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் செல்ல விரும்புவோர் மதுரைக்கோ, தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்திற்கோ செல்லுதல் வேண்டும். வாகைக்குளத்து ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர் நீளமே உடையதாய் இருந்தது. ஆதலின் பெரிய ஜெட் விமானங்கள் அங்கு இறங்க இயலவில்லை. ஏறத்தாழ எழுபது பேர் அமரத்தக்க ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானங்கள் வந்து சென்றன. பின்னர் ஓடுபாதை நீட்டிக்கப்பெற்றது. 2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புதிய நிலையமும் திறக்கப்பெற்றது. எனினும், நாட்டின் பல பகுதிகளில் சிறு நகரங்களைப் பெருநகரங்களோடு இணைக்கும் பணியை இத்தகைய சிறு விமானங்களே ஆற்றி வருகின்றன.

இவற்றைச் செலுத்துவோர் ஒரே நாளில் அந்நிலையை எய்தியவர் அல்லர். விமானியாக விரும்பும் மாணவன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் கற்றிருத்தல் வேண்டும். கண், செவி, இதயம் முதலியன குறைவின்றி உள்ளன என மருத்துவர் சான்று அளித்தல் வேண்டும். எழுத்துத் தேர்வுகளில் தேறி, 200 மணி நேரம் பறந்த பின்னரே தொழில்முறை விமானிக்குரிய உரிமம் கிடைக்கும். அடுத்து, விமானத்தின் உட்புறம் போன்றே அமைந்து, தரையைவிட்டு அகலாத பயிற்சிக் கூட்டில், பொறி பழுதுபட்டால் செய்யத்தக்கது யாது என்பதைப் பலமுறை பழகுவர். அதன் பின்னரே துணை விமானியாய் வலப்பக்க இருக்கையில் அமர்வர். 1,500 மணி நேரப் பறப்பு அனுபவமும், மேல்நிலை உரிமமும், கடுமையான சோதனைகளில் வெற்றியும் பெற்றவரே இடப்பக்க இருக்கைக்குரிய தலைமை விமானியாதல் கூடும். அவர்தம் தோளில் விளங்கும் நான்கு பட்டைகள் அப்பொறுப்பின் அடையாளமாகும்.

சிறு விமானத்தின் விமானிக்கு ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கும் பணியும் அமைவதுண்டு. புறப்படுமுன் அவர் மது அருந்தவில்லை என்பது மூச்சுச் சோதனையால் உறுதி செய்யப்பெறும். இருவரும் வானிலைக் குறிப்புகளை ஆராய்வர். சேரிடத்தில் இறங்க இயலாவிடின் வேறு நிலையத்திற்குச் செல்லவும் போதுமான எரிபொருளைக் கணக்கிடுவர். ஒருவர் விமானத்தைச் சுற்றிவந்து சக்கரம், இறக்கை, விசிறி ஆகியவற்றைப் பார்வையிடுவார். வானில் ஒருவர் செலுத்த, மற்றவர் கருவிகளைக் கண்காணிப்பார். செய்யத்தக்கவற்றின் பட்டியலை ஆயிரம் முறை படித்திருப்பினும், மீண்டும் வாய்விட்டுப் படித்தே சரிபார்ப்பர். அளவுக்கு மீறிய உழைப்பு அறிவை மயக்கும் ஆதலின், ஓராண்டில் 1,000 மணி நேரத்திற்கு மேல் விமானி பறத்தலாகாது என்பது சட்டம்.

துணை விமானி பதவியால் இளையவர். ஆயினும் பொறுப்பால் இளையவர் அல்லர். தலைவர் தவறுவாராயின், அதனைத் தயங்காது எடுத்துரைப்பது அவர் கடமை. கேட்டு நடப்பது தலைவரின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே அமையாவிடின் விளையும் துன்பத்தை மங்களூர் நிகழ்ச்சி காட்டுகின்றது. 2010 மே 22 அன்று, துபாயிலிருந்து வந்த ஜெட் விமானம் ஒன்று குன்றின்மேல் அமைந்த அவ்வூர் ஓடுபாதையை நோக்கி அளவுக்கு மீறிய உயரத்தில் இறங்கியது. மீண்டும் மேலெழுமாறு துணை விமானி மும்முறை கூறினார். தலைமை விமானி அதனைக் கேளாது விமானத்தை இறக்கினார். அவர் அப்பயணத்தில் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் உறங்கியிருந்தார் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து தீப்பற்றியது. அதிலிருந்த 166 பேருள் 158 பேர் மாண்டனர்.

ஓடுபாதையை நெருங்கிய பின்னும், நிலைமை சரியில்லை எனக் கண்டால் மீண்டும் மேலெழுந்து சுற்றிவருதல் இழுக்கன்று. பயணிகள் சிலர் காலத்தாழ்வை எண்ணி முணுமுணுக்கலாம். ஆயினும், தாமதித்து வந்தோர் இல்லம் சேர்வர். இழந்த உயிரோ மீளாது. இளையவர் சொல்லிலும் உண்மை உளதாயின் அதனை ஏற்கும் பண்பே ஒருவரைத் தலைமைக்கு உரியவராக்கும். தோளில் பட்டைகள் பெருகுந்தோறும் செவி திறந்திருத்தல் வேண்டும். இது விமானிக்கு மட்டுமன்று, பொறுப்பேற்கும் ஒவ்வொருவர்க்கும் உரிய பாடமன்றோ?