ஆங்கிலம் அறிவோம்: ஓசை ஒன்று, எழுத்து வேறு



திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளி தாண்டினால் இறக்கக்கண்டி. கடலோரத்து ஊர். அந்தப் பெயரிலுள்ள 'இறக்கம்' வேறு, 'இரக்கம்' வேறு. பேசும்போது நம்மில் பலருக்கு இரண்டும் ஒன்றுதான். எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். கறியும் கரியும் அப்படித்தானே?

இங்கிலீசிலும் இது உண்டு. முன்பு வேறுவேறாக ஒலித்த பல சொற்கள் காலப்போக்கில் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. சில சொற்களைப் பார்ப்போம்.

சீ: எஸ், ஈ, ஏ என்றால் கடல். எஸ், ஈ, ஈ என்றால் பார்.

வெயிட்: டபிள்யூ, ஈ, ஐ, ஜீ, எச், ரீ என்றால் நிறை, கொழுந்து நிறுக்கும்போது வருவது இது. டபிள்யூ, ஏ, ஐ, ரீ என்றால் காத்திரு.

வீக்: டபிள்யூ, ஈ, ஈ, கே என்றால் கிழமை, ஏழு நாள். டபிள்யூ, ஈ, ஏ, கே என்றால் பலவீனம்.

டியூ: டீ, ஈ, டபிள்யூ என்றால் காலையில் கொழுந்தில் நிற்கும் பனித்துளி. டீ, யூ, ஈ என்றால் கொடுக்கவேண்டிய பாக்கி.

கடைசிச் சொல்லை நன்றாக மனதில் வையுங்கள். வந்த கடிதத்தில் டீ, யூ, ஈ இருந்தால் அது பனிக் கதையல்ல, பணக் கதை! யார் கொடுக்கவேண்டும், யாருக்குக் கொடுக்கவேண்டும், எந்தத் திகதிக்குள் என்று விளங்கிக்கொண்டபிறகே கையெழுத்துப் போடுங்க. விளங்காவிட்டால் கேளுங்க. கேட்பதில் வெட்கமில்லை.

பயிற்சி: 'சன்' என்பதை எஸ், யூ, என் என்றும் எழுதலாம், எஸ், ஓ, என் என்றும் எழுதலாம். எது சூரியன், எது மகன்? பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிப்பாருங்க.

விடை: முன்னது சூரியன், பின்னது மகன்.